லண்டனில் நள்ளிரவு வண்டி: டாக்சி எது, மினிகேப் எது, ஏமாற்று எது?

ஈஸ்ட்ஹாம்_புதுசு

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக லண்டன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள்.

வெள்ளி இரவு அலுவலக விருந்து முடிந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலுக்கு வரும்போது மணி ஒன்றரை. ஈஸ்ட் ஹாம் போகும் பாதாள ரயில் நின்றுவிட்டது. போனில் நான்கு சதவீதம் சார்ஜ். ஒருவர் பக்கத்தில் வந்து, "கேப்? எங்கே போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார். ஈஸ்ட் ஹாம் என்றேன். "இருபது பவுண்ட்." நம்ம ஊர் ரயிலடியில் ஆட்டோ பேசுவது மாதிரிதானே என்று ஏறிவிட்டேன். வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. பாதி வழியில், ஆளில்லாத தெருவில் ஓரம் கட்டி, "இரவு ரேட், நாற்பத்தைந்து" என்றார். கதவு பூட்டியிருந்ததா என்று இப்போதுகூடத் தெரியவில்லை, இழுத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. பர்ஸில் இருந்த நாற்பதையும் கொடுத்தேன். அங்கேயே இறக்கிவிடாமல் வீட்டுத் தெரு முனை வரை கொண்டுவந்து விட்டதே பெரிய விஷயம்.

இங்கே மினிகேப் என்றால் இப்படித்தானா? இன்னொன்று: அடுத்த மாதம் அப்பா, அம்மா முதல்முறையாக வருகிறார்கள். ஹீத்ரோ, அதிகாலை விமானம், நான்கு பெட்டி. அதற்கும் இப்போதே பயமாக இருக்கிறது.

ஸ்டியரிங்_அண்ணை

தம்பி, நான் 2006-இலிருந்து வடமேற்கு லண்டனில் மினிகேப் ஓடுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். நீங்கள் ஏறினது மினிகேப் இல்லை. அது ஆள் பிடிக்கிற வேலை. சட்டப்படி குற்றம்.

இந்த ஊரில் தெருவில் கை காட்டி நிறுத்தக்கூடிய வாகனம் ஒன்றுதான், கருப்பு டாக்சி. மேலே "டாக்சி" என்ற செம்மஞ்சள் விளக்கு எரிந்தால் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது வேறு நிறங்களிலும் ஓடுகின்றன, ஆனால் பெயர் கருப்பு டாக்சிதான். மற்ற எல்லாம் மினிகேப். மினிகேப்பை முன்கூட்டியே பதிவு செய்துதான் ஏற வேண்டும். ஆப்பில் செய்யலாம், போனில் செய்யலாம், மினிகேப் ஆபீசுக்குள் நடந்து போய்க் கவுண்டரிலும் செய்யலாம். ஊபரும் போல்ட்டும் சட்டத்தின் கண்ணில் மினிகேப்தான், ஆப் வைத்த மினிகேப்.

ஒரு காலத்தில் லண்டன் மினிகேப்புக்கு லைசென்ஸ் முறையே கிடையாது. 1998-ல் சட்டம் வந்த பிறகுதான் ஆபீஸ், சாரதி, வாகனம் மூன்றுக்கும் தனித்தனி லைசென்ஸ் வந்தது. கொடுப்பது டிஎஃப்எல், அதாவது லண்டன் போக்குவரத்து நிர்வாகம். லைசென்ஸ் உள்ள வாகனத்தின் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் வட்ட ஸ்டிக்கர் இருக்கும். எங்களிடம் படம் போட்ட நீல அட்டை இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கரும் அட்டையும் எல்லாம் சரியாக இருக்கிற சாரதியே தெருவில் ஆளை ஏற்றினாலும் அது குற்றம்தான். பதிவு இல்லாமல் ஏற்றின பயணத்துக்கு இன்சூரன்ஸ் செல்லாது. வழியில் ஒரு இடி இடித்தால் உங்களுக்கு அப்பன் ஆத்தாள் இல்லை. அதனால் அட்டையைக் காட்டினார் என்று நம்பி ஏறாதீர்கள். பதிவு செய்தீர்களா, அதுதான் கேள்வி. பதிவு செய்தால் ஆர் ஏறினது, எத்தனை மணிக்கு, எங்கே இருந்து எங்கே, எந்தச் சாரதி, எந்த வாகனம் எல்லாம் ஆபீஸ் பதிவேட்டில் நிற்கும். நேற்று உங்களைப் பற்றி ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. நாற்பது பவுண்டை விட அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இரவுப்பணி_நர்ஸ்

தம்பி, திட்ட மாட்டேன். நானும் வந்த புதிதில் ஒருமுறை ஏறியிருக்கிறேன். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

எட்டு வருடமாக இரவுப் பணி முடிந்து வீடு திரும்புகிற அனுபவத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டி வந்ததும் கண்ணாடியை இறக்கி, "நீங்கள்தானே பிரியா?" என்று அவர்கள் கேட்க, "ஆமாம்" என்று ஏறுவது பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் கேளுங்கள்: "யாரை ஏற்ற வந்திருக்கிறீர்கள்?" பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும். பெயரை நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் சரிபார்க்க என்ன இருக்கிறது? முதலில் நம்பர் பிளேட், பிறகு ஆப்பில் உள்ள முகம், பிறகு பெயர். இருபது நொடி வேலை. ஊபரில் நான்கு இலக்க ரகசிய எண் (PIN) வசதி இருக்கிறது, செட்டிங்கில் போய்ப் போட்டுக்கொண்டால் அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் பயணமே தொடங்கும்.

பின்சீட்டில் உட்காருங்கள். பயணத்தைப் பகிரும் பொத்தானை அழுத்தி வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். என் கணவர் தூங்கிவிடுவார், பார்க்க மாட்டார். ஆனாலும் அனுப்புவேன்.

இன்னொரு சங்கதி. போன மாதம் ஏறிய வண்டியில் ஓட்டுநர் நம்ம ஆள், தமிழ். கொஞ்ச தூரம் ஊர்க்கதை. அப்புறம், "அக்கா, புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்க, அதே காசை கையில் கொடுங்க. கமிஷன்ல நிறைய போயிடுது" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டேன் என்றுவிட்டேன். அதற்கப்புறம் வீடு வரைக்கும் இரண்டு பேருமே பேசவில்லை.

ஸ்டியரிங்_அண்ணை

நல்ல வேலை செய்தீர்கள் தங்கச்சி. கமிஷன் வலி எனக்கும் தெரியும். நடு லண்டனுக்குள் வாகனம் ஓட்டக் கட்டுகிற நெரிசல் கட்டணம் 2019 ஏப்ரல் வரை எங்களுக்கு இல்லை, அதற்குப் பிறகு நாங்களும் கட்டுகிறோம். கருப்பு டாக்சிக்கு இன்னும் விலக்குத்தான். அவர்களுக்கு பஸ் லேனிலும் ஓடலாம், எங்களுக்கு ஏலாது. சொல்லி அழ நிறைய இருக்கிறது. ஆனால் கேன்சல் செய்த அந்த நிமிஷமே நீங்கள் தெருவில் ஏறின ஆள் மாதிரித்தான். இன்சூரன்சும் போச்சு, பதிவும் போச்சு. தமிழன் கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை_ஹாரோ

பாதுகாப்பை அண்ணையும் அக்காவும் சொல்லிவிட்டார்கள். நான் காசுப் பக்கம் வருகிறேன்.

ஈஸ்ட்ஹாம், நேற்று உங்களுக்கு வண்டியே தேவைப்பட்டிருக்காது. வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும் பாதாள ரயில் 2016 முதல் இருக்கிறது. எல்லா லைனிலும் இல்லை, ஈஸ்ட் ஹாமுக்கு வரும் டிஸ்ட்ரிக்ட் லைனில் இல்லை. ஆனால் சென்ட்ரல் லைனில் உண்டு, அது லிவர்பூல் ஸ்ட்ரீட் வழியாகத்தான் போகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கினால் உங்கள் வீடு சுமார் மூன்று மைல். அங்கிருந்து ஆப்பில் வண்டி போட்டிருந்தால் நடு லண்டனிலிருந்து போடுவதில் ஒரு பகுதிதான் ஆகியிருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் ஆல்ட்கேட் வரை நடந்து என்15 இரவு பஸ். பார்க்கிங் (Barking) ரோடு வழியாக ஈஸ்ட் ஹாமுக்கே வரும். ஒரு பஸ் கட்டணம்தான், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் அதே காசு. எங்கள் பக்கத்துக்கு என்18 இருக்கிறது. டிரஃபால்கர் ஸ்கொயரில் ஏறித் தூங்கினால் ஹாரோவில் கண்டக்டர் எழுப்ப மாட்டார், ஏனென்றால் கண்டக்டரே கிடையாது. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வழக்கம் இதுதான்: நீளமான தூரத்தை ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ விடுவது, கடைசி இரண்டு மூன்று மைலுக்கு மட்டும் வண்டி. வண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கருப்பு டாக்சியில் மீட்டர். அதற்கு மூன்று ரேட். வார நாட்களில் காலை 5 முதல் இரவு 8 வரை குறைந்த ரேட். 8 முதல் 10 வரையிலும், சனி ஞாயிறு பகலிலும் நடு ரேட். தினமும் இரவு 10 முதல் காலை 5 வரையும் பொது விடுமுறை நாட்களிலும் உச்ச ரேட். வண்டி நெரிசலில் நின்றாலும் மீட்டர் நேரத்துக்கு ஓடும். சுமார் ஆறு மைலுக்குப் பிறகு இன்னும் வேகமாக ஏறும். ஆனால் ஆள் கூடினாலும் பெட்டி கூடினாலும் ஒரு பென்ஸ் அதிகம் கிடையாது. ஐந்து பேர் வரை ஏறலாம். நான்கைந்து பேராகச் சேர்ந்து பக்கத்தில் எங்கேயாவது போனால் தலைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், சில நேரம் ஆப்பை விட மலிவு.

ஆப்பில் சிக்கல் வேறு. கூட்டம் கூடினால் விலை ஏறும். வெம்பிளி ஸ்டேடியத்தில் ஆட்டம் விட்ட நேரத்தில் போன் எடுத்தால் தலை சுற்றும். நான் ஈலிங் ரோடு வரை நடந்து, ஒரு மசால் தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் ஆப்பைத் திறப்பேன். பெரும்பாலும் தோசைக் காசு மிச்சமாகிவிடும். இரண்டு மூன்று ஆப் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். சாதாரண உள்ளூர் மினிகேப் ஆபீசையும் மறக்காதீர்கள், பல ஆபீசுகளில் கூட்டம் கூடினாலும் சொன்ன விலை மாறாது. பயணத்துக்கு முன்னால் விலை கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பதும் விதி.

கிங்ஸ்பரி_பெரியவர்

எல்லோரும் கருப்பு டாக்சியை ஏதோ பணக்காரன் வாகனம் மாதிரி எழுதுகிறீர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். ஆப்பில் வருகிற பிள்ளை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு போனில் "வாங்க வாங்க" என்பான். கருப்பு டாக்சி எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏற்ற சாய்வுப் பலகை உண்டு. வாசலில் நிறுத்தி, இறங்கி வந்து கை கொடுப்பார்கள். அந்த ஓட்டுநர்கள் படிக்கிற படிப்புக்குப் பெயரே "நாலெட்ஜ்". சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 1865-லிருந்து இந்தத் தேர்வு நடக்கிறது. முடிக்க வருடக்கணக்கில் ஆகும். எந்த ஆஸ்பத்திரியின் எந்த வாசல் என்று சொன்னால் போதும், வரைபடம் பார்க்காமல் போவார்கள். 2016-லிருந்து கார்டும் வாங்கியே ஆக வேண்டும், "மெஷின் ரிப்பேர்" என்ற கதை செல்லாது.

பின்சீட்டு_பயணி

பெரியவர் மன்னிக்கவும். கருப்பு டாக்சி என்றாலே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பல பெண்களுக்கு மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுத்துத் தாக்கிய குற்றத்துக்காக 2009-ல் தண்டிக்கப்பட்ட ஜான் வார்பாய்ஸ் ஓட்டியது கருப்பு டாக்சிதான். லாட்டரி விழுந்தது, கொண்டாடலாம் என்று சொல்லி ஷாம்பெயின் ஊற்றிக் கொடுத்தான்.

கிங்ஸ்பரி_பெரியவர்

ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் சொன்னால் எப்படி?

இரவுப்பணி_நர்ஸ்

எல்லோரையும் சொல்லவில்லை ஐயா. ஓட்டுநர் என்ன கொடுத்தாலும் வாங்கிக் குடிக்காதீர்கள் என்பதுதான் அதில் நான் எடுத்துக்கொண்டது, தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும். கருப்பு டாக்சியைத் தெருவில் நிறுத்தி ஏறினால் நம் பெயரில் எந்தப் பதிவும் இருக்காது. அதனால் பின்னால் இருக்கும் வெள்ளைத் தகட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்வேன், காசை கார்டில் கொடுப்பேன். ஃப்ரீநவ் மாதிரி ஆப்பில் கருப்பு டாக்சியையே பதிவு செய்யலாம். உங்கள் முழங்காலுக்கும் சௌகரியம், எனக்கும் நிம்மதி.

கிங்ஸ்பரி_பெரியவர்

பேத்தியிடம் போனைக் கொடுத்திருக்கிறேன். போட்டுத் தருகிறாளாம்.

ஈஸ்ட்ஹாம்_புதுசு

எல்லோருக்கும் நன்றி. என்15 பற்றி அறைத் தோழனிடம் சொன்னேன், அவனுக்கு ஏற்கனவே தெரியுமாம்! இத்தனை நாள் சொல்லவே இல்லை.

சரி, ஹீத்ரோ. அப்பாவுக்கு 64, அம்மாவுக்கு 59. ரயிலா, வண்டியா?

கணக்குப்பிள்ளை_ஹாரோ

எலிசபெத் லைன். 2022-ல் திறந்தது. ஹீத்ரோவில் ஏறி, தேவைப்பட்டால் ஒயிட்சாப்பலில் மாறி, மேனர் பார்க்கில் இறங்கி, அங்கிருந்து ஒரு சின்ன வண்டி. செலவு மிகக் குறைவு.

இரவுப்பணி_நர்ஸ்

கணக்கண்ணா, நீங்கள் தனியாகப் போனால் அது சரி. முதல்முறை வருகிற அம்மா, பதினோரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கி வருவார். நான்கு பெட்டியோடு ஒயிட்சாப்பலில் அவரை லிஃப்ட் தேட விடச் சொல்கிறீர்களா? வருடத்தில் ஒருநாள் செலவு செய்யட்டும்.

ஸ்டியரிங்_அண்ணை

தங்கச்சி சொல்வதுதான் சரி. ஹீத்ரோ வேலை நான் நிறையச் செய்திருக்கிறேன், கேளுங்கள்.

கருப்பு டாக்சி வரிசை எல்லா முனையத்திலும் இருக்கிறது, நம்பி ஏறலாம். ஆனால் ஹீத்ரோவில் ஏறினால் 20 மைல் வரைக்கும்தான் அவர்கள் வந்தே ஆக வேண்டும். ஈஸ்ட் ஹாம் அதைத் தாண்டும். அதனால் ஒருவர் மாட்டேன் என்று சொல்லலாம். வந்தால் லண்டன் எல்லைக்குள் என்பதால் மீட்டருக்கு மேல் கேட்க ஏலாது. ஆனால் அவ்வளவு தூரத்துக்கு மீட்டர் எங்கே போய் நிற்கும் என்று உங்கள் அப்பா பார்த்துக்கொண்டே வருவார், பாவம்.

உங்கள் பகுதி மினிகேப் ஆபீஸ் ஒன்றில் இரண்டு நாள் முன்னமே நிலையான விலைக்குப் பதிவு செய்யுங்கள். ஆபீசின் லைசென்ஸை டிஎஃப்எல் தளத்தில் தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. பதிவு செய்யும்போது விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான எண்ணையும் கொடுங்கள். விமானம் பிந்தினால் ஆபீசுக்குத் தெரியும். பிறகு நாலு கேள்வி: காத்திருப்பு எத்தனை நிமிஷம் இலவசம்? அது விமானம் தரை தொட்டதிலிருந்தா, சொன்ன நேரத்திலிருந்தா? கார் பார்க் காசு விலைக்குள்ளா, வெளியேயா? சாரதி உள்ளே பெயர்ப்பலகையோடு நிற்பாரா, கார் பார்க்கில் நிற்பாரா? சண்டை வருவது இந்த நாலிலும்தான். திரும்பி அனுப்பும்போது இன்னொரு செலவு உண்டு, முனைய வாசலில் இறக்கிவிட 2021-லிருந்து தனிக் கட்டணம். அது ஆர் தலையில் என்றும் முன்னமே கேளுங்கள்.

உள்ளே வந்து "டாக்சி, டாக்சி" என்று பெட்டியில் கை வைக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஊரில் பழகின ஆளுக்கு அது உதவி மாதிரித் தெரியும்.

அப்புறம் பெட்டி. சாதாரண காரில் நாலு பெரிய பெட்டி போகாது. ஆறு சீட்டு வாகனம் என்று சொல்லிக் கேளுங்கள். நம்மட ஆக்கள் நாலு சீட்டுக் காருக்கு ஐந்து பேர் வந்து, "சின்னப் பிள்ளைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். பிள்ளையும் ஒரு ஆள்தான். லைசென்ஸில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான். நான் இறக்கிவிட்டால் "இவருக்குத் திமிர்" என்று ஒரு ஸ்டார் போடுவார்கள்.

பின்சீட்டு_பயணி

குழந்தைக்கு கார் சீட் இல்லாமல் டாக்சியில் போகலாமா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்டியரிங்_அண்ணை

சட்டப்படி, டாக்சியிலும் மினிகேப்பிலும் சரியான பிள்ளை சீட் இல்லாவிட்டால், பிள்ளை பின்சீட்டில் இருந்து போகலாம். மூன்று வயதும் அதற்கு மேலும் என்றால் பெல்ட் கட்டாயம். சட்டம் விடுகிறது என்பதற்காக நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் சீட் இருந்தால் கொண்டு வாருங்கள், பூட்ட நாங்கள் நேரம் தருவோம்.

கணக்குப்பிள்ளை_ஹாரோ

குழந்தை என்றதும் ஞாபகம் வருகிறது. கருப்பு டாக்சியில் வாந்தி எடுத்தால் சுத்தம் செய்ய 60 பவுண்ட் வரை வாங்கலாம். பாலிதீன் பை ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

ஈஸ்ட்ஹாம்_புதுசு

ஒரு மாதம் கழித்து வருகிறேன். அப்பா, அம்மா வந்துவிட்டார்கள்.

அண்ணை சொன்ன நான்கு கேள்வியையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன். முதல் ஆபீஸில் மூன்றாவது கேள்விக்கே எரிச்சலாகிவிட்டார்கள், அதனால் இரண்டாவது ஆபீஸில் பதிவு செய்தேன். விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். ஓட்டுநருக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பலகையில் அப்பா பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார், அப்பா அதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆபீஸில் பேசிய விலை எண்பது. பர்ஸை மெதுவாகத் திறந்து, "எழுபத்தஞ்சு வெச்சுக்கச் சொல்லுப்பா" என்றார். நான் வெட்கத்தில் எண்பதையும், வீட்டுக்குள் பெட்டி தூக்கித் தந்ததற்காக மேலே ஐந்தையும் கொடுத்தேன். இன்றைக்கு வரை அப்பா அந்த ஐந்தை மறக்கவில்லை.

இன்னொரு கூத்து. இரவு சாப்பிட உட்காரும்போதுதான் அம்மா கேட்டார், "அந்த நீலப் பை எங்கே?" வண்டியிலேயே விட்டுவிட்டோம். உள்ளே இரண்டு கிலோ மாங்காய் ஊறுகாய், முறுக்கு, அம்மாவின் பிரஷர் மாத்திரை. ஆபீசுக்கு போன் செய்து பதிவு எண்ணைச் சொன்னேன். ஓட்டுநரை அழைத்து இரண்டே நிமிடத்தில் உறுதி செய்தார்கள். மறுநாள் மாலை இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டுப் போனார். அன்று நள்ளிரவு லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறிய வண்டியில் இதை விட்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் கதையே அவருக்குத் தெரியாது.

இரவுப்பணி_நர்ஸ்

மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள், எப்போதும். கருப்பு டாக்சியில் விட்டிருந்தால் டிஎஃப்எல் தொலைந்த பொருள் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், மாத்திரைக்கு அதெல்லாம் சரிப்படாது.

ஸ்டியரிங்_அண்ணை

தம்பி, ஊறுகாய் போத்தல் ஒரு இரவு முழுக்க அவருடைய டிக்கியில் இருந்திருக்கிறது. அந்த மணம் லேசில் போகாது. அடுத்த நாள் ஏறின வெள்ளைக்காரருக்கு மனுஷன் என்ன விளக்கம் சொன்னாரோ. இன்னொரு ஐந்து கொடுத்திருக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்_புதுசு

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார் அண்ணை. சத்தமாகச் சொல்லாதீர்கள்.